பதினான்கு அங்குலம்

மிதிகட்டை வைத்த கயாக்
இரண்டாயிரத்து நானூறு டாலர்.
கடையின் கம்பளத் தரையில் அதில் உட்கார்ந்து
இரண்டு நிமிடம் துடுப்பு வலித்தாள் ஒடீல்.
விற்பனைப் பையன் பார்க்காததுபோல் நின்றான்.

கையில் முந்நூற்றுப் பத்து.
இறால் ஆலையில் ஆறு வார ஓவர்டைம்.

ஹூமாவுக்கு வெளியே ஒரு கொட்டகையில்
வெயிலில் வெளுத்த பத்தடிப் பச்சை.
இருக்கைக்குப் பதில்
காலறுத்த தோட்ட நாற்காலி.
"ஒழுகுமா?"
"ஒழுகும்" என்றார் ஆல்சீட்.
"ஸ்பாஞ்ச் சும்மா தருகிறேன்."

விளிம்பில் மார்க்கரால் அங்குலங்கள்,
பிடித்த மீனுக்கெல்லாம் ஒரு கோடு.
ஒன்றுகூடப் பதினான்கைத் தாண்டவில்லை.

தூண்டில்காரர்கள் கை விரித்துக் காட்டும் நீளங்களை
இருபது வருஷமாகப் பார்த்தவள்
பேரம் பேசாமல்
முந்நூறை எண்ணி வைத்தாள்.

மிச்சப் பத்துக்குத் தூண்டில்முள்.
இரை,
ஆலைத் தரையிலேயே கிடக்கும்.