தாம்பாளத்துத் தண்ணீர்

பெரிய வியாழன் பின்னேரம்
கிணற்றடியில் குந்தியிருந்து
பீர்க்கங்காய்த் தும்பால் குதிகாலைத் தேய்த்தேன்.
மதலேனா சிரித்தாள்:
"கழுவப் போற காலுக்கு ஏனப்பா இந்தக் கழுவல்?"
பதில் சொல்லவில்லை. பவுடரும் போட்டுக்கொண்டேன்.

பாலையூற்றுக் கோயிலில் பன்னிரண்டு கதிரை.
பன்னிரண்டிலும்
வீட்டில் கழுவி வந்த கால்கள்.
கடைசிக் கதிரை யூதாசுக்கு என்று
யாரோ பகிடி விட்டிருந்தார்கள்.
பிந்தி வந்தவன் நான்.
எனக்கு அதுதான் மிச்சம்.

சுவாமியாருக்கு மூட்டு வருத்தம்.
ஒவ்வொருவர் முன்னும் முழந்தாளிட்டு எழும்ப
ஒரு பையன் கைகொடுத்தான்.
என் பெருவிரலில் மூன்று துளி;
கஞ்சி போட்ட துவாய் ஒரு ஒற்றல்.
சக்கிடுத்தார் அவுறேலியான்
தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு
பக்கக் கதவால் போனார்.
என் கண் அவருக்குப் பின்னால் போனது.

மேலறையில் அந்த இரவு
அவர் பந்தியிலிருந்து எழுந்தது,
துண்டை இடுப்பில் கட்டியது,
எல்லாம் எழுதியிருக்கிறது.
பேதுரு முதலில் மறுத்ததும்
பிறகு தலையையும் நீட்டியதும் இருக்கிறது.
அத்தனை பேரின் தெருப்புழுதி கலங்கிய தண்ணீரை
யார் கொண்டுபோய் ஊற்றினார்
என்பது மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிச் சோறு
எங்கள் சபையில் என் முறை.
பருப்பு, பூசணி, ஏழு பார்சல்.
வாசலில் மான் ஒன்று
நேற்றைய வாழையிலையை மென்றுகொண்டு
வழிவிட யோசித்தது.

ஏழாவது கட்டில்: கனகசூரியம், சல்லி.
நெற்றியில் விபூதி, கையில் அம்மன் கோயில் நூல்.
"உங்களுக்காகச் செபிக்கட்டோ ஐயா?"
"அது கிடக்கட்டும் தம்பி.
நகம் வெட்டி விடுவியோ?
குனிய ஏலாது. போர்வையில கொழுவிக் கொழுவி
ராவில நித்திரை இல்லை."

போர்வையை விலக்கினார்.
நண்டோட்டு மஞ்சளில் வளைந்த நகங்கள்.
மணமும் வந்தது.
"நகவெட்டி கொண்டு வரேல்லையே" என்றேன்.
உண்மைதான்.
அந்த உண்மை
படி இறங்கும் மட்டும்
தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.

பஸ் நிலையத்தடியில்
ஜும்மாவுக்குக் கடை பூட்டிய நானா
முகத்தைப் பார்த்தார்; திரும்பத் திறந்தார்.
நூற்றெண்பது ரூபாய்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தால்
நிமாலி மிஸ் கையை மறித்தாள்:
"சீனி வருத்தம். நீங்க வெட்டக் கூடாது.
சின்னக் காயம் போதும், கால் போயிடும்.
நான் டொக்டரிட்டச் சொல்றன்.
வேணுமெண்டா கழுவி விடுங்க."
நீலப் பிளாஸ்டிக் பேசின் ஒன்றைத்
தள்ளிவிட்டுப் போனாள்.

மூன்று துளி போதவில்லை.
முதல் தண்ணீர் தேயிலைச் சாயமானது.
"விரலிடுக்கு" என்றார்.
கழுவினேன்.
"இன்னும்" என்றார்.
என் கைலேஞ்சியால் ஈரம் ஒற்றினேன்,
ஒவ்வொரு இடுக்காய்.
அவர் நன்றி சொல்லவில்லை.
கண்ணை மூடிக்கொண்டார்,
கரைக்கு இழுத்துவிட்ட வள்ளம் மாதிரி.

வாட்டுத் தொட்டி அடைத்திருந்தது.
பேசினை ஏந்திக்கொண்டு
இரண்டு மாடி இறங்கினேன்.
தளும்பித் தளும்பி
சேட்டெல்லாம் நனைந்தது.
வேலியோரக் கானில் ஊற்றும்போது
ஏதாவது தெரியும் என்று நினைத்தேன்,
ஒரு வெளிச்சம், ஒரு நடுக்கம்.
ஒன்றும் இல்லை.
கான் குடித்தது.
மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி மென்றது.

மூன்று மணி ஆராதனைக்கு இனிப் பிந்தித்தான் போவேன்.
நகவெட்டி சட்டைப்பையில்
விலைச்சீட்டோடு கிடக்கிறது.

பேசினைத் திருப்பி வைக்கப் போனபோது
கண் திறவாமலே கேட்டார்:
"நாளைக்கும் வருவியோ?"

நாளை பெரிய சனி.
பகல் முழுக்கப் பூசையில்லை, மணியில்லை,
பேழை திறந்து வெறுமையாய்க் கிடக்கும்.

"நாளைக்குக் கோயில்ல ஒண்டும் இல்லை" என்றேன்.
"வாறன்."