ஊசி வராத வாரம்

யீஷூன் சந்திப்பு நிலையத்தில்
எந்தப் பேருந்து எப்போது கிளம்பும் என்று
பதினோரு வருடமாக அட்டவணை போடுகிறேன்.
என் முழங்காலுக்குத் தேதி குறிக்கத்தான்
இரண்டு மாடி ஏறி இறங்கினேன்.

எலும்புப் பிரிவு முகப்பில் சொன்னார்கள்:
'எல்லா மருந்தையும் நிறுத்திடுங்க.'
எல்லாம் என்றால்?
அந்தப் பெண் அடுத்த வரிசை எண்ணை அழுத்திவிட்டாள்.

வீட்டில் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன்.
வெள்ளிதோறும் ஆறு மஞ்சள் மாத்திரை.
அதனால் வாய் புண்ணாகாமலிருக்க
ஞாயிறன்று ஒன்று.
காலையில் ஸ்டீராய்டு.
குளிர்பெட்டியில், சம்பல் புட்டிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே,
இரு வாரத்துக்கொருமுறை தொடையில் குத்தும் பேனா.

முன்பொரு சீனப் புத்தாண்டு விடுமுறையில்
முகம் ஊதுகிறதென்று ஸ்டீராய்டை நானாகவே விட்டேன்.
குளியலறைத் தரையிலிருந்து என்னைத் தூக்கியவர்கள்
ஆம்புலன்ஸ்காரர் இருவர்.
ஆகவே இம்முறை தொலைபேசியை எடுத்தேன்.

வாதநோய்ப் பிரிவில் நூர் ஹயாத்தி
மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னதை
மின்கட்டணப் பில்லின் பின்புறம் தமிழில் எழுதிக்கொண்டேன்:
மஞ்சளை விடாதே.
ஸ்டீராய்டு அன்று காலையும் உண்டு,
மயக்க மருந்து கொடுப்பவரிடம் அதைச் சொல்.
பேனாவைத் தொடாதே.
டாக்டர் குவெக் அதையே கடிதமாக்கி மேல்மாடிக்கு அனுப்பினார்.

அடுத்த ஊசி வரவேண்டிய வாரத்தில்
ஊசிக்குப் பதில் கத்தி.
ஒரு வண்டியை ரத்து செய்து
அந்த இடைவெளியில் சாலையை வெட்டுவது.
எனக்குத் தெரிந்த பாஷைதான்.

என்னையே கடிக்கும் நாயைக்
கட்டிப்போட்டிருந்தது அந்த ஊசி.
காயம் திறந்திருக்கும் நாளில்
கிருமியை விரட்ட அது அவிழ்ந்திருக்க வேண்டுமாம்.
அவிழ்ந்த நாய்
முதலில் கடித்தது என் விரல்களை.
கணுக்கள் கொட்டைப்பாக்காய் வீங்கின.
காயா புட்டியோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
திருமதி பூன் ஒன்றும் கேட்கவில்லை,
திறந்து கொடுத்தார்,
மூடியைத் தளர்வாகவே வைத்து.

அறுவைக்குப் பின் பதினான்காம் நாள்
இருபத்தாறு உலோகத் தையலைப் பிரித்தார்கள்.
சிவப்பில்லை, கசிவில்லை.
மறுபடி தொலைபேசி: பேனா எப்போது?
'காயத்தை டாக்டர் பார்க்கட்டும், அப்புறம்.'

பார்த்தார். சரி என்றார்.

அன்றிரவு பேனாவை எடுத்துக்
குளிர் விட அரை மணிநேரம் வைத்திருந்தேன்.
ஒரு விரலால் அழுத்த முடியவில்லை.
இரண்டு கட்டைவிரலும் சேர்த்து.
சொடுக்.

எங்கள் நிலையத்தில் வண்டி பிந்தினால்
தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று
நான்கு மொழியில் அறிவிப்போம்.
இது
ஒரு மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை.