இடைவெளி சிதைந்துள்ளது

எமரால்டில் உறைபனி இறங்கிய முதல் இரவு
கேரட் பாத்தியில் நட்டிருந்த கருவி
அறுநூற்று ஐம்பத்து நாலு டிகிரி என்றது.
விடியுமுன் பெள்ளிராஜ் அண்ணன் போனில்:
"கேரட் வெந்துடுச்சா, இல்ல நான் போய்ச் சேந்துட்டேனா?"

கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்காக
யாரோ எங்கோ எழுதிய நிரல் அது.
பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் ஆள் குடியிருப்பது
அதற்குத் தெரியாது.
குறியில்லா எண்ணைக் குறியுள்ள எண்ணாக்கினேன்.
மாற்றியது ஓரெழுத்து.
அனுப்பப் பிடித்தது ஐந்து வாரம்.

இணைப்பாக அனுப்பக் கூடாது.
அலங்காரம் கூடாது.
கடிதத்தின் உடம்பிலேயே
பேட்ச் வெறுமேனியாகக் கிடக்க வேண்டும்.
அப்படியே கிடத்தி அனுப்பினேன்.
மறுநாள் ஒரு வரி, வணக்கம்கூட இல்லாமல்:
"இடைவெளி சிதைந்துள்ளது. பொருந்தவில்லை. மீண்டும் அனுப்பவும்."

இடைவெளி சிதையுமா?
இல்லாத ஒன்று எப்படி உடையும்?
ராத்திரி முழுக்கத் தேடியதில் தெரிந்தது:
நான் வைத்த டேப்பை எடுத்துவிட்டு
நாலு ஸ்பேஸை வைத்திருக்கிறது
என் மெயில், மரியாதையாக, கேட்காமல்.

இரண்டாம் முறை டேப் பிழைத்தது.
ஆனால் நீண்ட வரியை
எழுபத்திரண்டாம் எழுத்தில் ஒடித்து
கல்லட்டி வளைவு மாதிரி கீழே திருப்பிவிட்டது.

மூன்றாம் முறை
தேயிலை ஃபேக்டரி ஆபீஸ் முகவரியிலிருந்து.
அடியில் அதுவாகவே ஒட்டிக்கொண்டது:
இம்மடல் ரகசியமானது,
உங்களுக்கானது அல்லவெனில் உடனே அழித்துவிடவும்.
பதில் வந்தது: "அழித்துவிட்டேன்."

அந்த வாரம்தான் இரண்டாம் பாத்தி போனது.
வெள்ளையாய் விழுந்து கறுப்பாய் எரிக்கும் பனி.
அண்ணன் என்னை எதுவும் கேட்கவில்லை.
கருவியின் மேல் ஒரு கோணியைப் போட்டு மூடிவிட்டு
மூன்று மணிக்கு எழுந்து
புல்லைக் கையால் தொட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

நான்காம் முறை, மெயிலை நம்பாமல்
கட்டளை வரியிலிருந்தே அனுப்பினேன்.
இத்தலார் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில்தான்
இரண்டு கோடு சிக்னல்.
மழைக்கோட்டுக்குள் மடிக்கணினி,
மடிக்கணினிக்குள் கடவுச்சொல், அதுவும் தப்பு.
எல்லாரும் ஏறிப்போன பிறகு போய்ச் சேர்ந்தது.
டேப் முழுசு. வரி முழுசு.
பெயர்தான் போகவில்லை.

தவச்செல்வி. ஆறெழுத்து.
அங்கே இறங்கியது பத்துக் கேள்விக்குறி.
எண்ணிப் பார்த்தேன்:
புள்ளிக்கொன்று, கொம்புக்கொன்று, கொக்கிக்கொன்று,
எதையும் விடாமல்
ஒவ்வொன்றிடமும் தனித்தனியே கேட்டிருந்தது
நீ யார் என்று.

"கையொப்பத்தில் பெயர் தேவை" என்றார்.
அப்போதுதான் அவர் பெயரைப் பார்த்தேன்.
நடுவில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
காலிக் கட்டம்.
உங்கள் பெயரும் உடைந்துதான் வருகிறது
என்று எழுதினேன், பேட்ச் இல்லாமல், சும்மா.
இரண்டு நாள் கழித்துப் பதில்:
"ஆமாம். முப்பது வருடமாக."
அதற்குக் கீழே, முதல் தடவையாக,
"அங்கே எவ்வளவு குளிர்?"
அதுதானே உங்கள் நிரலுக்குத் தெரியவில்லை, என்றேன்.

ஐந்தாவது ஏறியது.
பிப்ரவரி கடைசி, பனி முடிந்துவிட்டது.
"ஏற்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லோடு
பஸ் நிறுத்தத்தில் நின்றேன், வெயிலில்,
யாரிடம் சொல்வது என்று தெரியாமல்.

மறு டிசம்பர், மூணே முக்கால் மணி.
போன் திரையில் ஒன்று என்ற எண்,
அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.
அண்ணன் மோட்டாரைப் போட ஓடுகிறார்.
குழாய்கள் இருமி, துப்பி,
பாத்திமேல் தண்ணீர் சுழலத் தொடங்குகிறது.
கோணி எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை.
"இந்தக் குளிர்ல என்னம்மா சிரிப்பு?" என்கிறார்.
விரல் விறைத்து, அந்தக் கோட்டைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.