தொடாதீர்கள்

நுழைவுச்சீட்டு ஒன்பது யூரோ.
ஐகார்ஸுக்குப் பாதி.
இருவர் காலணிமேலும் நீலப் பிளாஸ்டிக் உறை.

நடன மண்டபத்து விதானத்தை
மூன்று குளிர்காலம் மல்லாந்து கிடந்து
மூக்குக்கு ஒரு முழம் மேலே பார்த்தவள் நான்.
மூச்சுப் பட்டாலே பறக்கும் பொன் இதழை
அணில்மயிர்த் தூரிகையால் ஒற்றியவள்.
கீழிருந்து பார்ப்பது இன்றுதான்.

எதும்மா நீ செஞ்சது?
அந்தத் தேவதையோட இடது பெருவிரல், என்றேன்.
அத்தனை உயரத்தில்
எல்லா விரலும் ஒன்றுதான்.

கதவுநிலைப் பொற்கொடிக்கு
என்னை அறியாமல் கை போயிற்று.
"தொடாதீர்கள், அம்மணி."
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன் கையை.

வெளியே, பழைய வரைபடத்தின்படியே
லிண்டன் மரச்சாலை:
கழியில் கட்டிய கன்றுகள்,
ஐகார்ஸின் தோளுயரம்.
லாட்வியாவுக்கும் ஜூலையில் வெயில் உண்டு.
ரொட்டிப் பொட்டலம் பிரிக்க
யெல்காவா பேருந்தின் நிழல்தான் கிடைத்தது.
அதுவும் நாலு இருபதுக்குக் கிளம்பிவிடும்.