செல்லாத நோட்டு

சனிக்கிழமை பகல் பதினொரு மணி.
ரங்கூன் ரேடியோ சொன்னது:
இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து
இனிச் செல்லாது.
மோல்மீன் மரவாடியில் ரம்பம் நின்றது.
கணக்குப் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்து
மிச்சமிருந்த ஒரே எழுபத்தைந்தை
விளக்கடியில் விரித்தேன்.

மூன்று இரண்டு ஆறு மூன்று நான்கு நான்கு இரண்டு.
பர்மிய இலக்கம், வட்ட வட்டமாக.
பணமாக இருந்தவரை
யார் படித்தார்கள் எண்ணை?

பென்சில் எடுத்தேன்.
இரண்டு போனது. மூன்று போனது.
ஐந்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.
ஏழு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது,
பதினொன்றுக்கு இடமில்லை,
பதின்மூன்று, நாற்பத்து மூன்று,
கடைசியில் உரிக்க ஒன்றுமில்லாமல்
நூற்று முப்பத்தொன்பது.

இப்படியும் அப்படியும் கோத்துப் பார்த்தால்
ஆயிரத்து எண்ணூற்று ஆறு பெருக்கல்
ஆயிரத்து எண்ணூற்று ஏழு.
ஒரே சுவரின் இரு பக்கமும் குடியிருப்பவர்கள்.

எழுபத்தைந்தில்
பாதி வாடகை,
மூன்றில் ஒன்று அரிசி,
ஏழில் ஒன்று மண்ணெண்ணெய்,
நாற்பத்து மூன்றில் ஒன்று மாரியம்மன் உண்டியல்,
ஆயிரத்து எண்ணூற்று ஏழில் ஒன்று
கீழ்வீட்டுப் பிள்ளையின் மிட்டாய்
என்று கொடுத்துக்கொண்டே போனால்
என் கையில் நிற்பது
முப்பத்திரண்டு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து
நானூற்று நாற்பத்திரண்டில் ஒன்று.
என் மிச்சத்தை
என் நோட்டிலேயே அச்சிட்டுத் தந்திருந்தார்கள்.

அந்த மாதமே புது நோட்டு வந்தது:
நாற்பத்தைந்து, தொண்ணூறு.
மேலே யாருக்கோ ஒன்பது பிடிக்குமாம்.
என்னுடையதைக் கூட்டினேன், இருபத்து நாலு.
ஒன்பதுக்கு அது அடங்கவில்லை.
அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

ஆனால் தூக்கம் வராததற்குக் காரணம் வேறு.
வெள்ளிக்கிழமைச் சம்பளத்தில் நோட்டு இரண்டு,
அடுத்தடுத்த எண்.
இரண்டாவதை அன்று மாலையே
மொஹிங்கா பாக்கிக்காக
மா சேன் யீயிடம் நீட்டியிருந்தேன்.
விடிந்தால் சாகப்போகிற நோட்டு.
எனக்குத் தெரியாது.
தெரியாது என்று அவளுக்குத் தெரியுமா?

நாற்பத்து மூன்றில் முடியும் அந்த எண்ணை
ஆறு பேர் கேட்கும் முன்பே கைவிட்டார்கள்,
ஒவ்வொருவரும் ஒன்று மீதி வைத்து.
மற்றவர்களை நானே கேட்டேன்.
மின்சாரம் இல்லாத மூன்று இரவு,
இருநூற்று எழுபத்து மூன்று வகுத்தல்,
மரவாடி ரசீதுகளின் முதுகு முழுக்க.
ஆயிரத்து எண்ணூற்று ஒன்றும் உதட்டைப் பிதுக்கியபோது
மசூதியில் முதல் பாங்கு.
அதை எதுவும் பிரிக்காது.
எந்த அரசும் அறிவித்து
அதை ரத்து செய்ய முடியாது.

காலையில் போய் அவளிடம் சொன்னேன்.
வாழைத்தண்டை நறுக்கிக்கொண்டிருந்தவள்
நிமிராமல் கேட்டாள்:
"அப்போ அதுக்குச் சில்லறையே கிடைக்காதா?"

சிரித்தோம். அவள்தான் முதலில்.
பிறகு பற்றுப் புத்தகத்தைத் தேடி எடுத்து
என் பெயருக்கு நேரே
எழுபத்தைந்தை மறுபடி எழுதினாள்.
நான்தான் எழுதச் சொன்னேன்.