இ. மலை

வெள்ளிக்கிழமை லேமினேட் செய்து வந்தது.
சத்துவாச்சாரி ஷெட்டின் பின்சுவரில்
ஜாக்கி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.
மேலே ஒரு பெட்டி. கீழே மூன்று.
மூன்றுக்கும் கீழே குஞ்சுகுளுவானாய்ப் பதினொன்று.
வலது ஓரம், எதிலும் சேராமல்
புள்ளிக்கோட்டில் தொங்கியது தணிகாசலம் அண்ணன்.
ஆலோசகர் என்று போட்டிருந்தது.

பதினாறு சீசன் அவர்தான் எங்கள் டீம்.
பெயர், மேல்விஷாரம் ஜுபேதுல்லா சாயபுவின் தோல் கம்பெனிப் பெயர்.
செக்கில் கையெழுத்தும் சாயபுவுடையது.
மற்றபடி கார் ஓடினால் தணிகாசலம்,
ஓடாவிட்டாலும் தணிகாசலம்.
ஸ்பானரை வீசுவார். ஒருமுறை என் புருவத்தில் பட்டு
ஆறு தையல். சி.எம்.சி. க்யூவில் அவரே நின்றார்.
அதற்காக நல்லவர் என்று சொல்ல வரவில்லை.

சாயபுவுக்கு பைபாஸ் ஆனபின் மருமகன் வந்தார்.
மருமகன் புனேயிலிருந்து கேல்கரைக் கூட்டிவந்தார்.
கேல்கர் வந்தபின் சம்பளம் ஐந்தாம் தேதி தாண்டவில்லை,
எல்லோருக்கும் காதடைப்பான், எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ்.

அண்ணன் புள்ளிக்கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.
"இன்னா சார் இது, தையல் பிரிஞ்சா மாரி கீது?"
தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று அர்த்தம், என்றார் கேல்கர்.
மூன்று சாவியையும் கம்ப்ரசர் மேல் வைத்தார்.
டீக்கடை பாக்கியைக் கட்டிவிட்டுப் போனார்.
இப்போது வாலாஜாவில், லாரி ஷோரூமில்.

நானும் என் பெட்டியைத் தேடினேன்.
கடைசி வரிசை, டயர்.
ஆங்கிலத்தில் இ, ஒரு புள்ளி, மலை.
ஏழில் ஆறு மலையை எந்தப் பிரஸ்ஸில் தொலைத்தார்களோ.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு.
சாமி வந்துவிட்டார். ஆறு எப்போதாவது வருகிறது.
ராஜா மட்டும் வரவேயில்லை.
கோட்டைக்குள் ஆபீஸ்கள் நடக்கின்றன,
ஃபைல்கள் அகழி தாண்டிப் போய் வருகின்றன.
இப்படியும் நடத்தலாம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு, இருங்காட்டுக்கோட்டை.
ஒன்பதாவது சுற்றில் தூறல்.
"ஸ்லிக்ல வழுக்குது. உள்ள வரட்டா?" என்றாள் ஜெசிந்தா.
வியூகப் பிரிவு இன்ஜினீயரைக் கேட்டது.
இன்ஜினீயர் போனில் வானிலை பார்த்தார்,
போன் திரையில் சொட்டுச் சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது.
ஸ்பான்சர் பிரிவு, இது கேமரா சுற்று என்றது.
"யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க!"
மூன்று பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்
ரேடியோவில் ஒன்றும் கேட்காது,
அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும்.

அப்போது கேல்கர் என்னைப் பார்த்துக் கத்தினார்:
லேப்டாப் நனைகிறது, தார்ப்பாய்!
இருந்த ஒரே தார்ப்பாய் மழை டயர்களை மூடியிருந்தது.
உருவினேன்.
நான்கும் பள்ளவரி மினுங்க
பிட் ஓரத்தில் அம்மணமாய் நின்றன.
நேர்பாதையில் வந்தவள் பார்த்துவிட்டாள்.
அடுத்த சுற்றில் உள்ளே.
பழகிய கைகள், யாரும் எதுவும் கேட்கவில்லை, மாட்டினோம்.
எட்டாவதாக வந்தவள் இரண்டாவதாக முடித்தாள்.

திங்கள் மீட்டிங்.
முடிவெடுத்த பெட்டி எது என்று வட்டம் போட வேண்டுமாம்.
வியூகத்தின் மேல் போட்டார்கள்.
இன்ஜினீயர் அன்று சாப்பிட வரவில்லை.

ராத்திரி அண்ணன் போன் செய்தார்.
"யார்றா உள்ள கூப்ட்டது?"
"தார்ப்பாய்ண்ணே."
அந்தப் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்,
வெகுநேரம்.
பிறகு, "அந்த ஜாக்கி ஆயில் ஒழுவுமே, பாத்தியா?"

பார்த்தேன். மாற்ற மூன்று கையெழுத்து வேண்டும்.
ஃபாரம் எடுத்து, பெயர் என்ற கட்டத்தில்
ஏழு மலையையும் தமிழில் எழுதினேன்.
இடம் போதவில்லை.
கடைசி எழுத்து அதுபாட்டுக்கு
கோட்டைத் தாண்டிப் போனது.