விடுபட்ட அசை

சியாங்ராய் ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில்
குளிர்பெட்டி உறுமும் அறை என்னுடையது.
மலையிலிருந்து இறங்கும் ரத்தமெல்லாம்
ஊதா மூடி போட்டுக்கொண்டு வந்து சேரும்,
ஒட்டிய தாளில் ஒரு பெயர்.

பெயர் மீ சூ. ஒன்பது வயது. ஆக்கா இனம்.
வாரத்தில் இரண்டு வலிப்பு;
பள்ளி வாசலில் விழுந்து முன்பல் பாதி போயிற்று.
டாக்டர் கொடுக்க நினைத்த மாத்திரை மலிவு, நல்லதும்கூட.
இந்தப் பக்கத்து மக்களில் சிலருக்கு மட்டும்
வெந்த கிழங்காய்த் தோலை உரித்துவிடும்.
அதனால் முதலில் இந்த அறை.

அறைக்கு வெளியே பெஞ்சில் தகப்பன், லோ போ.
"எங்கள் வழியில் கெட்ட ரத்தம் கிடையாது."
யாரும் கேட்காமலே தொடங்கிவிட்டார்:
தோ ஜே, ஜே மோ, மோ சா, சா லோ, லோ போ என்று
தகப்பன் பெயரின் வால் மகன் பெயரின் தலையாக
ஐம்பத்தெட்டு ஆண்கள் அந்தாதியில் இறங்கினார்கள்.
எந்திரத்துக்கு அவ்வளவு மூச்சு இல்லை.
அது கேட்டது நான்கு நாள்.

நான்கு நாள் கழித்து: இருக்கிறது.
மனைவியிடம் இல்லை. லோ போவிடம் இருக்கிறது,
ஆறாம் குரோமோசோமில், ஒற்றைப் பிரதி.
எந்தக் காலத்தில் எந்தக் காய்ச்சலுக்காக
நிறுத்திய காவல்காரனோ, தெரியாது.
இன்று ஒரு மாத்திரையைத் திருடன் என்று நினைத்து
வீட்டையே கொளுத்தக்கூடியவன்.

"சா லோ கொடுத்ததா?"
இருக்கலாம். அம்மாவாகவும் இருக்கலாம் என்றேன்.
"அம்மாவா?"

மூங்கிலின் கணு ஒவ்வொன்றிலும்
ஒரு பெண் நின்றிருக்கிறாள்.
ஐம்பத்தெட்டு பெயரில் ஒருத்திக்கும் இடமில்லை.
இதை நான் சொல்லவில்லை. படிவத்தைத் திருப்பினேன்.

நெடுநேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு:
அவள் லாஹு. மீகாங் தாண்டி
உப்பு மூட்டை சுமந்த கோவேறு கழுதைகளோடு வந்தவள்.
நா ஷீ.
ஒருமுறை சொன்னார். பிறகு முணுமுணுத்துப் பார்த்தார்,
சா லோவுக்குப் பின்னால், லோ போவுக்கு முன்னால்.
அதன் வால் எந்தத் தலையிலும் பொருந்தவில்லை.

வேறு மாத்திரை எழுதினார்கள். மூன்று மடங்கு விலை.
கார்டில் சிவப்பு மையில் ஒரு வரி, உயிருள்ள மட்டும்
கூடவே இருக்க வேண்டும் என்று.

மீ சூ ஊதா மூடி ஒன்று வேண்டுமென்றாள்.
புதிதாய் ஒன்று கொடுத்தேன்.
உடைந்த பல்லின் சந்தில் வைத்துப் பார்த்துவிட்டு
கொஞ்சம் பெரிசு என்றாள்.